ஒரே முகவரியில் எத்தனை வீடுகள்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். லயத்து வீடுகளுக்கு வரும் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்.

இன்று பல வீடுகளின் இணையமும் அப்படித்தான் ஓடுகிறது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐ.பி. முகவரி, இணைப்பு தரும் நிறுவனத்தின் கருவிதான் கிராணி. படம் பார்க்க இது போதும். வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியை நேரடியாகத் திறக்க முயன்றால் சிக்கல். எந்த வீடு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதே முகவரியில் இருக்கும் யாரோ செய்த தவறுக்காக ஓர் இணையத்தளம் நம்மையும் சேர்த்துத் தடுக்கலாம்.

ஏன் இந்த நிலை? 1981இல் வகுக்கப்பட்ட ஐபிவி4 முறையில் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான். ஆய்வுக்கூடங்களை இணைக்க அது தாராளம். கைப்பேசி இப்படிப் பெருகும் என்று அன்று யார் கண்டார்? பங்கீட்டிலும் கணக்குத் தவறியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஒன்றுக்கே 1.67 கோடி முகவரிகள் போயின. சிறிய தொகுப்பில் 254 கணினிகளுக்குத்தான் இடம். 300 கணினி வைத்திருந்தவர் அடுத்த அளவான 65,000 முகவரிகளைக் கேட்டார். நடுவில் வேறு அளவே இல்லை. தேவைக்கேற்ப வெட்டித் தரும் முறை 1993இல்தான் வந்தது.

பிந்தி வந்த நமக்கு மிச்சம்தான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக், 2011 ஏப்ரல் 15இல் தன் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஓர் உறுப்பு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். 2019இல் புதியவர்களுக்கு அது 512 ஆனது. எம்.ஐ.டி.யோ 2017இல் தன்னிடமிருந்ததில் ஒரு பகுதியை விற்பதாக அறிவித்தது!

அடுத்து வந்த ஐபிவி6இல் முகவரிப் பஞ்சம் இல்லை. எனக்குப் பிடித்தது அதன் அளவைவிட அதிலுள்ள எச்சரிக்கை. மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் இப்போது வழங்கத் திறந்திருக்கிறார்கள். இன்றைய விதி தவறாகப் போனாலும், புதிய விதியோடு மறுபடி தொடங்க மீதி இருக்கிறது.

மலேசிய இணையப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஐபிவி6க்கு வந்துவிட்டனர். ஆனாலும் பழைய முறையில் மட்டும் இயங்கும் தளங்கள் இன்னும் உள்ளதால் கிராணிக்கு ஓய்வு இல்லை. வீட்டுக்கு சிசிடிவி பொருத்தும் முன், இணைப்பில் ஐபிவி6 உண்டா, கேமரா அதை ஏற்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில ரூட்டர்களில் அமைப்புக்குள் போய் நாமே அதை இயக்க வேண்டியிருக்கும்.