முதல் வள்ளம்: வலைக்கு மட்டுமா, வீட்டாக்களுக்குமா?

ஊரில ஒரு பெடியன் முதல் வள்ளம் வாங்கப்போறான் எண்டால் முதல் வாற கேள்வி "எத்தினை ஹோஸ்பவர்?" என்பதுதான். அடுத்தது "எத்தினை அடி?" அதுக்குப் பிறகு காசு எங்கால எண்டு கதை போகும். ஆர் ஆர் ஏறப்போகினம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தொழிலுக்கென்று வாங்குகிற வள்ளத்தையே, வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையும் அம்மாவும் ஏறி ஒரு சுத்துச் சுத்தி வரக்கூடிய வள்ளமாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு வள்ளம் வாங்க வசதி இருக்கிறவைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எங்களைப்போல ஒன்றையே கடன்பட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் இது.

"உல்லாசம் எல்லாம் காசுக்காரருக்கு, எங்களுக்குத் தொழில்தான்" என்று பெரியாக்கள் சொல்லுவார்கள். ஆனால் பிள்ளைகள் எப்படியும் ஏறத்தான் போகிறார்கள். பாலைதீவு அந்தோனியார் திருநாள் வந்தால் குடும்பம் குடும்பமாக மீன்பிடி வள்ளங்களில்தான் சனம் போகிறது. லீவுக்கு வெளிநாட்டிலிருந்து மாமாவின் பிள்ளைகள் வந்தால் முதல் ஆசையே வள்ளத்தில ஏறுறதுதான். ஏறுவது உறுதி என்றால், அதை வாங்கும்போதே கணக்கில் எடுக்காமல் விடுவதில் என்ன புத்திசாலித்தனம்? வலைக்கு இடம் பார்த்து வாங்கிய வள்ளத்தில், வலை கிடக்கிற இடத்திலேயே பிள்ளையை இருத்திக் கொண்டுபோகிறோம்.

எனக்கு இதில் இன்னொரு கோபமும் இருக்கிறது. எங்கட ஊர் மயிலிட்டி. 1990 இல் சனம் இடம்பெயர்ந்தது. துறைமுகம் விடுபட்டது 2017 யூலையில். இடையில் 27 வருசம். அப்பா அந்தக் காலம் முழுக்க வேற ஊர்களில், ஆக்களின்ர வள்ளத்தில பங்குக்குப் போனவர். அண்ணாவும் நானும் மல்லாகத்துப் பக்கம் வாடகை வீட்டில் வளர்ந்தோம். கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளைகள், ஆனால் நீந்தத் தெரியாது. கடல் எண்டால் எங்களுக்கு அப்பா விடியப்புறம் போற இடம், காற்றடிச்சால் அம்மா படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்துற காரணம். அதில விளையாடலாம் எண்டே தெரியாது. இப்போது இதே கரையோரங்களில் உல்லாச விடுதிகள் தங்கட விருந்தாளிகளுக்குக் கயாக்கும் பெடல் படகும் வைத்திருக்கின்றன. விருந்தாளிகள் நல்லா இருக்கட்டும். ஆனால் கடலுக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை அதை வேலியால எட்டிப் பார்க்கிறது சரியில்லை.

இப்போது அண்ணா வள்ளம் பார்க்கிறார். அப்பாவுக்கு முன்பு இருந்தது. எங்கள் தலைமுறைக்கு இதுதான் முதல் வள்ளம். ஆகவே வீட்டில் இரண்டு மாதமாக இதே கதைதான்.

"பொம்பிளையள் ஏறினா வள்ளம் தொழிலுக்கு ஆகாது" என்ற கதையும் வருகிறது. இதைச் சொல்லுகிற ஆக்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவால் போக ஏலாமல் கிளாலியால இரவு இரவாகக் கடந்தபோது, மீன்பிடி வள்ளங்களில் ஏறினது ஆர்? கைக்குழந்தைகளோடு பெண்கள் ஏறினார்கள், கர்ப்பிணிகள் ஏறினார்கள், சைக்கிளும் ஏறியது. அப்போது எந்த வள்ளத்துக்கும் தோசம் பிடித்ததாக ஒருத்தரும் சொல்லவில்லை. உயிருக்கு ஓட ஏறலாம், சிரிக்க ஏறக்கூடாது என்றால் அது என்ன நம்பிக்கை?

சரி, வள்ளத்துக்கு வருவோம். முதலில் எந்தக் கடல் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். குருநகர், பாசையூர், அராலி, மண்டைதீவுப் பக்கம் என்றால் பரவைக்கடல். கனதூரம் இடுப்பளவு தண்ணிதான். நண்டு வலை, களங்கட்டி, சிறகுவலைத் தொழிலுக்கு அடிப்பக்கம் தட்டையாக உள்ள வள்ளம் நல்லது. குறைந்த தண்ணீரிலும் போகும். நிற்கும்போது ஆடாது, அதனால் பிள்ளைகளுக்கும் நல்லது. மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்றால் நேரே திறந்த கடல். அங்கே தட்டை அடி ஒவ்வொரு அலைக்கும் "டம் டம்" என்று அடிக்கும், முதுகெலும்பு கழன்றுவிடும். அடிப்பக்கம் ‘வி’ மாதிரிக் கூராக இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் நிற்பாட்டி வைத்தால் அது இரண்டு பக்கமும் உருளும். வலை இழுக்கிறவருக்கு அது பழக்கம். பிள்ளைக்கு அதுதான் சத்தி. அதனால் எங்களைப் போன்ற கரைக்கு, முன்பக்கம் நல்ல கூராகவும் பின்னால் வரவரத் தட்டையாகவும் வருகிற அடிதான் இரண்டுக்கும் பொதுவானது.

எல்லாரும் நீளத்தைப் பற்றித்தான் கதைக்கினம். நான் அகலத்தைப் பார் என்று சொல்லுவேன். நான் கலைப்பீடம், எனக்குக் கணக்கு ஓடாது. விஞ்ஞானபீடத்தில் படிக்கிற சிநேகிதி ஒருத்தி விளங்கப்படுத்தினாள். ஒரு படகு சரிந்தால் திரும்ப நிமிர்கிற வலு, கிட்டத்தட்ட அகலத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறுமாம். நாலரை அடி அகலத்துக்கும் ஐந்து அடிக்கும் பார்வைக்கு அரை அடிதான் வித்தியாசம். ஆனால் நிமிர்கிற வலு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடுகிறது. ஒரு மீன் துள்ளினால் நாலு பிள்ளைகளும் ஒரே பக்கத்துக்குத்தான் ஓடும். அந்த அரை அடி அப்போது வேலை செய்யும். பாரமான வலையை ஒரு பக்கத்தால் இழுக்கும்போதும் அதே அரை அடிதான் அண்ணாவுக்கும் உதவும். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவராது என்று சொல்லுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அகலம் கூடினால் எண்ணெய் கொஞ்சம் கூடச் செலவாகும், கரையில் இழுத்து ஏத்த இன்னொரு ஆள் வேணும், அதையும் ஒளிக்கத் தேவையில்லை.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்கக் கரையோரக் காவற்படை 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்குச் சொல்லுகிற ஒரு லேசான கணக்கு இருக்கிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கி (இரண்டும் அடியில்) 15 ஆல் வகுக்கிறது. 18 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 90. பதினைந்தால் வகுத்தால் 6 பேர். நாலரை அடி அகலமென்றால் 5 பேர்தான். அதுவும் கடல் அமைதியாக இருந்தால். ஐஸ் பெட்டியும் நனைந்த வலையும் உள்ளே கிடந்தால் அவையும் ஆக்கள்தான். ஒரு வள்ளத்தில் எங்கட ஊர்ச் சனம் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஹோஸ்பவர். பெடியள் எல்லாருக்கும் 25, 40 என்று கனவு. 15 காணும் என்பது என் கட்சி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு 15 ஹோஸ்பவர் எஞ்சின் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஐந்து ஆறு லீற்றர் குடிக்கும். அந்த விலையில் ஆறு லீற்றருக்கு 2000 ரூபாய்க்கு மேலே. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அது போய்விடும். எஞ்சின் பெரிதாக ஆக, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போவதைத்தான் வீட்டில் முதலில் வெட்டுவார்கள். சின்ன எஞ்சின் என்றால் குடும்பத்தோடு மெதுவாக ஒரு சுத்துப் போய் வரக் கட்டுப்படியாகும். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடான பிறகுதான் மாத்துறது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் ஏறுகிற நாளில் முழுக்கப் பெற்றோலிலேயே ஓடுங்கள். அந்தப் புகையில்தான் பாதிப் பேர் சத்தி எடுப்பது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை எண்டு பிறகு பழியைக் கடலில போடுறம்.

எஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஓட்டுகிறவர் கையில் மாட்ட வேண்டியது. அவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நிற்கும். எங்கட கரையில் நான் பார்த்த வள்ளங்களில் அது எஞ்சினிலேயே சுற்றிக் கட்டிக் கிடக்கும். ஓட்டுகிற அப்பா விழுந்து, ஆளில்லாத எஞ்சினோடு வள்ளம் வட்டமடிக்க, உள்ளே பிள்ளைகள் மட்டும் இருப்பதை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

பாவித்த வள்ளம்தான் கனபேருக்குக் கட்டும். நோர்வே உதவியோடு தொடங்கின காரைநகர் சீநோர் காலத்திலிருந்து வடக்கில் ஃபைபர் வள்ளம் பழக்கம், அதனால் வெளிப் பூச்சைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் குறைவு. எஞ்சின் பூட்டுகிற பின்பலகையைக் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். ஃபைபருக்கு உள்ளே மரம் வைத்திருப்பார்கள். தண்ணி இறங்கி உக்கியிருந்தால் சத்தம் பொத்தென்று கேட்கும். அதுக்குப் பிறகு இருக்கைகளுக்குக் கீழே பாருங்கள். அடைத்த அறைகளும் நுரையும் இருந்தால், வள்ளம் தண்ணி நிரம்பினாலும் அடியில் போகாமல் மிதக்கும். தொழிலாளி இடம் காணாது எண்டு அந்த அறையை வெட்டித் திறந்து கயிறும் கானும் வைத்திருப்பார். அப்படி வெட்டின வள்ளத்தை எவ்வளவு மலிவென்றாலும் விடுங்கள். கடற்றொழில் திணைக்களப் பதிவு இலக்கமும் விற்கிறவரின் பேரும் ஒத்துப்போகுதோ எண்டதைச் சங்கத்தில் கேட்டால் சொல்லுவினம்.

உயிர்காப்பு அங்கி பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். நேவி செக் பண்ணும்போது காட்டுறதுக்கும், மற்ற நேரம் குந்துறதுக்கும் ஒன்று கிடக்கும். பெரியாக்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழால நழுவும். பிள்ளையின் நிறைக்கு ஏற்றதாக, தலையைத் தாங்குகிற கொலரும் கால்களுக்கிடையில் பூட்டுகிற பட்டியும் உள்ளதாக வாங்க வேண்டும். 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்த இடத்தில் ஓடின மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் செத்துப்போனார்கள். அது ஆழ்கடலும் இல்லை, புயலும் இல்லை.

காற்று பற்றி அப்பா சொல்லுகிற ஒரு விசயம் புத்தகத்தில் இல்லை. வாடைக் காலத்தில் எங்கட கரை கொந்தளிக்கும், ஒருத்தரும் பிள்ளையை ஏத்த மாட்டார்கள். ஆபத்து சோளகத்தில். அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், கரையோரம் குளம் மாதிரி வடிவாக இருக்கும். எஞ்சின் நின்றால் அந்தக் காற்று வள்ளத்தை வெளியே வெளியே கொண்டுபோகும். கரையில் நிற்கிறவைக்கு அது விளங்கவும் மாட்டாது. ஆகவே குளிக்கப் போகிற அரை மணித்தியாலத்துக்கும் நங்கூரமும் சவளும் உள்ளே கிடக்க வேண்டும், விடியப் போய் வெயில் ஏற முதல் திரும்ப வேண்டும்.

அண்ணா இன்னும் முடிவெடுக்கவில்லை. 18 அடி, ஐந்தடி அகலத்தில் ஒன்று. 21 அடி, ஒடுக்கமாக, பெரிய எஞ்சினோடு இன்னொன்று. இரண்டாவதில் நல்ல ஓட்டம், ஆனால் விளிம்பு உயரம். தண்ணியில் குதித்த ஆள் திரும்ப ஏறுவது எப்படி என்று அம்மா கேட்டா. தொழிலுக்குப் போகிறவன் கைவலுவால் தொங்கி ஏறுவான். பத்து வயசுப் பிள்ளையோ ஐம்பது வயசு அம்மாவோ நனைந்த உடுப்போடு ஏறேலாது. நைலோன் கயிற்றில் நாலு மரப்படி கட்டின ஏணி ஒன்று போதும், கடைசிப் படி தண்ணிக்குள் ஒரு முழம் இறங்க வேண்டும். அதைப் பின்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது, நடுவில் கட்டி, மற்றப் பக்கம் ஒருத்தர் குந்தியிருக்க, எஞ்சினை நிற்பாட்டிப்போட்டுத்தான் ஆளை ஏத்த வேண்டும். ஏணிக்கு ஆன செலவு முந்நூறு நானூறு ரூபாய்க் கயிறு, பலகை வீட்டில் கிடந்தது. வள்ளம் வர முதலே அம்மா அதைக் கட்டி முடிச்சிட்டா.