படம் எடுத்துவிட்டால் கிதாபு பிழைத்துவிடுமா?



நம் முன்னோரின் அரபுத் தமிழ்க் கிதாபுகளைக் கணினியில் ஏற்றிவிட்டால் அவை இனி அழியா என்று நம்மவர் பலர் நிம்மதி கொள்கின்றனர். அந்த நிம்மதியில் நமக்கு உடன்பாடில்லை.

படம் பிடிக்க வருபவர் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார். ஆனால் அவருக்கு அரபுத் தமிழ் தெரியாவிட்டால் என்ன நேரும்? எழுத்தைப் பார்த்து, பட்டியலில் மொழி ‘அரபி’ என்று எழுதிவிடுவார். அதன்பின் தமிழ் நூல் தேடுபவர் எவர் கண்ணிலும் அது படாது. ட, ண, ள, ற போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் ஆலிம்கள் ஆக்கிய வரிவடிவம் அது. அதை அரபி அல்ல, தமிழ் என்று சொல்ல அவர் அருகில் நம்மில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டாமா? நாமோ பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, தேநீர் வரவழைத்து, நினைவுப் படத்துக்கு நின்றதோடு கடமை முடிந்தது என்றிருக்கிறோம்.

தொலைவில் ஒரு பிரதி இருந்தால் போதும் என்பாரும் உண்டு. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டமொன்றை லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தி வருகிறது. மூலங்கள் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் நல்ல விதி. அத்தகைய நூலகமே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தன. நம் ஊரில் ஒரு பிரதியும் அதை ஓதத் தெரிந்த நால்வரும் இல்லையென்றால், அந்த மாதங்களில் நாம் எங்கே போய் நிற்பது?

குற்றத்தில் பெரும்பங்கு மதரஸாக்களாகிய நம்முடையது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) மார்க்கச் சட்டங்களை ‘மகானி’யாக அரபுத் தமிழில் எழுதியது, அரபி கல்லாத ஆணும் பெண்ணும் வீட்டிலிருந்தே தீனை விளங்கவேண்டும் என்பதற்காக. உம்மம்மாமார் மாலையும் முனாஜாத்தும் ஓதியது அந்த எழுத்தில்தான். அதைப் பாடத்திட்டத்திலிருந்து ஓசையின்றி நீக்கியவர்கள் நாம். ‘பழசு’ என்றோம், சிலர் ‘தேவையில்லாதது’ என்றும் சொன்னோம். பிறகு, ஆயத்துகள் இருக்கின்றன, காலில் படக்கூடாது என்று கிணற்றிலும் கடலிலும் விட்டோம். சிதைந்து ஓத முடியாத முஸ்ஹஃபுக்குரிய சட்டத்தை, நன்றாக ஓதக்கூடிய கிதாபுக்குப் பொருத்தியது எந்த ஃபிக்ஹ்?

கல்லச்சில் வந்தவையும் கையெழுத்தின் அச்சே. அவற்றைத் தானாகப் படித்துத் தரும் மென்பொருளை நம்பிக் காத்திருப்பது வீண். அதற்குக் கற்றுக்கொடுக்கவும் முதலில் மனிதர் ஓதி எழுதித் தர வேண்டும். ஓரத்தில் பாட்டனார் குறித்துவைத்த பிள்ளைப் பிறப்பு எந்த வீட்டுடையது, இன்ன மாலைக்கு எந்த இராகம் என்பனவற்றை எந்தக் கணினியும் அறியாது. வயது முதிர்ந்த சில பெண்மணிகள் அறிவர். அவர்களை யாரும் இதுவரை கேட்கவில்லை.

குர்ஆன் ஓதத் தெரிந்த, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இவ்வெழுத்து பெரிய பாரமன்று. புதிதாகக் கற்க வேண்டிய எழுத்துகள் சிலவே. மக்தபில் வாரம் ஒரு வகுப்பு போதும். நிர்வாகிகள் நேரமில்லை என்றால், ஆண்டு விழாவுக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று பெற்றோர்களே கேளுங்கள். அதற்கு முன், பரணில் இருக்கும் பெட்டியை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். கறையான் நம் கூட்டத் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை.