சுமையைப் பிரித்தால் மட்டும் போதுமா?

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்திருந்த நேரம் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை. சிவகாசியில் செய்த சரவெடிகள் மாலை வேளைக்காக மாநிலமெங்கும் காத்திருந்த அந்த ஆறு மணியளவில், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் வேறொன்று சரிந்துகொண்டிருந்தது. அமேசான் நிறுவனத்தின் கிளவுட் சேவை நம் நேரப்படி நண்பகலிலேயே தடுமாறத் தொடங்கியிருந்தது. சிக்னல், ஸ்நாப்சாட், கேன்வா என்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலிகள் ஒவ்வொன்றாக முடங்கின.

தொடக்கக் காரணம் ஒரு தரவுத்தளத்தின் இணைய முகவரிப் பதிவு. இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதில் அந்தப் பதிவு வெறுமையாகிப்போனது. அதைச் சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் துன்பம் தீரவில்லை. மாலை ஆறு மணிமுதல் நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்கு மேலும் பழுதாகிக் கிடந்தது, சுமையைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் ‘லோடு பேலன்சர்’. ஒரு கணினி விழுந்தாலும் சேவை விழாதிருப்பதற்காக வைக்கப்பட்ட அமைப்பே சேவை விழுவதற்குக் காரணமாகிவிட்டது.

சில நாள்களில் அந்நிறுவனம் வெளியிட்ட விரிவான விளக்கத்தைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட நாணமே மிகுந்தது. அதே பிழையின் மறுபக்கத்தை, மிகச் சிறிய அளவில், சிவகாசியில் நானே செய்திருக்கிறேன்.

லோடு பேலன்சர் என்பது புரியாத பொருள் அன்று. கல்யாண வீட்டில் பந்தி வாசலில் நிற்பவரை நினைத்துக்கொண்டால் போதும். எந்த வரிசையில் இலை காலியாக இருக்கிறது, எந்த வரிசையில் பரிமாற ஆள் இருக்கிறார் என்று பார்த்து, வருபவர்களைப் பிரித்து அனுப்புகிறாரே, அதுதான் வேலை. ஓர் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் வரும்போது, பின்னால் இருக்கும் சர்வர்களுக்கு அவர்களைப் பங்கிட்டுத் தர வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளும் உண்டு; ஹெச்ஏபிராக்ஸி, என்ஜின்எக்ஸ் போல இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களும் உண்டு. நிறுவுவதற்கு அரை நாள் போதும். வாசலில் நிற்பவரிடம் என்ன சொல்லி நிறுத்துகிறோம் என்பதில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது.

சிவகாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசுதான் நினைவுக்கு வரும். காலண்டருக்கும் டைரிக்கும் அதுவே தலைநகரம். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது அங்குள்ள அச்சகங்களின் வழக்கம். அன்றிலிருந்தே முகவர்களின் ஆர்டர் தொடங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகம் தன் ஆல்பத்தை இணையத்தில் ஏற்றி, முகவர்கள் அங்கேயே ஆர்டர் போடும்படி ஏற்பாடு செய்தது. முதல் ஆண்டு கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. மறு ஆண்டு என்னை அழைத்தார்கள்.

மூன்று சர்வர்கள், அவற்றின் முன் ஹெச்ஏபிராக்ஸி நிறுவிய இரண்டு கணினிகள். ஒன்று நின்றால் மற்றொன்று அதே முகவரியை எடுத்துக்கொள்ளும். யாரிடம் குறைவான இணைப்புகள் இருக்கின்றனவோ அந்தச் சர்வருக்கே அடுத்த ஆளை அனுப்பு என்று விதி எழுதினேன். ஒவ்வொரு சர்வரும் நலமா என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை விசாரிக்கவும், தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் விலக்கவும், இரண்டு முறை பதில் வந்தால் மீண்டும் சேர்க்கவும் அந்த மென்பொருளில் முன்பே ஏற்பாடு இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

அந்த இயல்பு ஏற்பாடு செய்யும் விசாரணை மிக எளியது. கதவைத் தட்டிப் பார்க்கும்; திறந்தால் நலம் என்று குறித்துக்கொள்ளும். ஆடிப்பெருக்கன்று காலை பத்தரை மணிக்கு இரண்டாவது சர்வரின் வட்டு நிரம்பிவிட்டது. ஆர்டரை எழுதி வைக்க இடமில்லை. ஆனால் கதவு திறந்தே இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ‘பிழை’ என்ற ஒரு வரியை நொடியின் சிறு பகுதிக்குள் தந்து திருப்பி அனுப்பியது. வேலை செய்யும் மற்ற இரண்டும் ஒவ்வோர் ஆர்டருக்கும் சில நொடிகள் எடுத்துக்கொண்டன. ஆகவே குறைவான இணைப்புகள் யாரிடம் என்று பார்த்தால், எப்போதும் அந்தக் கெட்டுப்போன சர்வரிடம்தான். என் விதிப்படியே, வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அதனிடமே போய்ச் சேர்ந்தது. பாட்னாவிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் முகவர்கள் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தபோது, என் திரையில் மூன்று பச்சை விளக்குகள் அமைதியாக எரிந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடமாயிற்று.

அச்சக உரிமையாளரிடம் நடந்ததை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆள் வந்திருக்கானான்னு கேட்டிருக்கீங்க தம்பி, வேலை பாக்குறானான்னு கேக்கலையே” என்றார். “ஆமா அண்ணாச்சி” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே விசாரணையை மாற்றி எழுதினேன். கதவு திறக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, ஒரு மாதிரி ஆர்டரைத் தரவுத்தளத்தில் எழுதிப் படித்துக் காட்டச் சொன்னேன்.

அமேசானில் நடந்தது இதன் தலைகீழ் வடிவம். புதிதாகச் சேர்க்கப்பட்ட கணினிகளுக்கு வலையமைப்பு விவரங்கள் போய்ச் சேரும் முன்பே அவற்றிடம் நலம் விசாரிக்கப்பட்டது. ஒருமுறை பதில் இல்லை, விலக்கப்பட்டன. மறுமுறை பதில் வந்தது, சேர்க்கப்பட்டன. ஓயாத இந்தச் சேர்ப்பிலும் விலக்கலிலும் விசாரிக்கும் அமைப்பே திணறிப்போய், நல்ல நிலையில் இருந்தவற்றையும் பணியிலிருந்து எடுத்துவிட்டது. தானாக விலக்கும் ஏற்பாட்டைப் பொறியாளர்கள் நம் நேரப்படி இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்திவைத்த பின்னரே நல்ல கணினிகள் மீண்டும் வேலைக்கு வந்தன. எனது விசாரணை நோயாளியை நலம் என்றது. அவர்களுடையது நலமானவரை நோயாளி என்றது. ஆளை எவ்வளவு சேர்த்தாலும், அவரைப் பற்றிக் கேட்கும் கேள்வி தவறானால் பயனில்லை.

சுமையைப் பிரிப்பது விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிய கருத்தன்று. ஒரு பட்டாசு ஆலைக்குள் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பெரிய கூடம் அங்கே கிடையாது. இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகள். அபாயம் மிகுந்த வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. இவ்வளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் அடிப்படையே இதுதான்: ஓர் அறை போனாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும். கணினித் துறையினர் பிற்காலத்தில் கற்ற பாடத்தை வெடிமருந்துத் தொழில் பல உயிர்களைக் கொடுத்து முன்பே கற்றிருந்தது.

காலண்டர் ஆர்டர் நின்றுபோவதையும் மனிதர் மாண்டுபோவதையும் ஒரே தட்டில் வைப்பது தகாது. அதை நான் செய்யவில்லை. ஆனால் இரண்டிலும் ஏமாற்றும் பச்சை விளக்கு ஒரே வகையானது. விபத்து நடந்தபின் வரும் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த வரிகள் மனப்பாடம்: அனுமதித்ததைவிட அதிக ஆள்கள், அளவுக்கு மீறிய மருந்து, மரத்தடியில் வேலை, உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது உள்குத்தகைக்காரர். அறைகள் இருந்தன, பிரிப்பு இல்லை. உரிம எண் சுவரில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆலை எப்போதும் சரியாகப் பதில் சொல்லும். சீசன் நெருக்கடியில், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில், ஓர் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். விதிமீறலுக்காக உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்த ஆலை அது என்று அப்போதே செய்திகள் வெளியாயின. அதாவது, விசாரணை நடந்திருக்கிறது. ‘விலக்கு’ என்ற விடையும் வந்திருக்கிறது. ஆனால் ஆள்களை அங்கே அனுப்புவது நிற்கவில்லை. இறந்தவர்களில் பலர் முதல் வெடிச்சத்தம் கேட்டு மீட்கவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள் என்பதை இன்றைக்கு எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இனி, அரசுத் தளங்களுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் சர்வர் நெரிசலைச் சந்திப்பது அங்கேதான். 2021 ஏப்ரல் 28 மாலை நான்கு மணிக்கு 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசி முன்பதிவு கோவின் தளத்தில் திறந்தது. ஓடிபி வராமல் நாடே தவித்தது. சிறு கோளாறு, சரிசெய்யப்பட்டது என்று அறிவித்தார்கள். அது உண்மையும்கூட, அன்று ஒரு நாளில் 1.3 கோடிப் பேருக்கு மேல் பதிவு செய்தனர். ஆனால் பதிவு செய்த பலருக்கு ஊசி போடும் தேதி கிடைக்கவில்லை. பந்தி வாசலில் நிற்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் சமையலறையில் சோறு இருக்க வேண்டுமல்லவா?

இன்னும் நுட்பமான பாடம் யுபிஐ தந்தது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ முடங்கியதை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஆராய்ந்தது. பணம் அனுப்பியவர்களின் கூட்டத்தைவிட, ‘அந்தப் பரிவர்த்தனை முடிந்ததா, முடிந்ததா’ என்று சில வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்டதே நெரிசலைப் பெருக்கியது என்று தெரியவந்தது. கேள்வியே சுமையாகிவிட்டது. அதன் பிறகு, ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைக்கு மேல் விசாரிக்கக் கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்க முடியாது; தானாகக் கழியும் தவணைகள் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டுமே எடுக்கப்படும். இது புதிய சர்வர் வாங்கிச் செய்த தீர்வு அன்று. யார் எப்போது காத்திருக்க வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதிவைத்த தீர்வு. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊர் இ-சேவை மையத்தில் இந்த வெளிப்படைத்தன்மை இல்லை. ஏதேனும் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாளில் அங்கே போய் நின்று பாருங்கள். பட்டாசு ஆலையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளின் சான்றிதழ்களை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த தாய், ‘சர்வர் பிஸி’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டுத் திரும்புகிறார். மறுநாளும் வந்தால் இரண்டு நாள் கூலி போயிற்று. மறுநாள் இல்லையென்றால் அந்த விண்ணப்பமே போயிற்று. ‘கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்’ என்று அறிவிக்கையில் அச்சிடுவதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுகிறது. கடைசித் தேதியைக் குறித்தவர் யார்? கூட்டம் வரும் நாளை ஒரு மாதம் முன்பே தெரிந்துவைத்திருக்கும் அலுவலகம், அந்தக் கூட்டத்தைக் கண்டு திகைப்பதாகக் காட்டிக்கொள்வதில் நியாயமில்லை.

கிளவுடுக்கு மாறினால் எல்லாம் சரியாகும் என்பது இப்போது கேட்கும் ஆறுதல் மொழி. மாறட்டும், நல்லதுதான். ஆனால் ஒப்பந்தப் புள்ளி கோரும்போது எத்தனை சர்வர், என்ன விலை என்பதோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும். நலவிசாரணை எதைச் சோதிக்கிறது? முகப்புப் பக்கம் திறப்பதையா, ஒரு விண்ணப்பம் முழுமையாகச் சேமிக்கப்படுவதையா? எதிர்பார்க்கும் கூட்டத்தைப்போல இரண்டு மடங்கைச் செயற்கையாக உண்டாக்கி, அறிவிப்பு வெளியாகும் முன் சோதித்தார்களா? கூட்டம் மிகும்போது பயனாளி வெற்றுத் திரையைப் பார்க்கப் போகிறாரா, ‘உங்கள் வரிசை எண் இது, பாதி நிரப்பிய விண்ணப்பம் பத்திரமாக இருக்கிறது’ என்ற செய்தியைப் பார்க்கப் போகிறாரா? தளம் எத்தனை மணி நேரம் முடங்கியதோ அத்தனை மணி நேரமாவது கடைசித் தேதி தானாக நீள வேண்டும். அதற்கு ஒருவர் வழக்குப் போடும்வரை காத்திருக்கக் கூடாது. அமேசான் தன் பிழையை மணி, நிமிடக் கணக்கோடு எழுதி உலகத்தின் முன் வைத்தது. நம் வரிப்பணத்தில் இயங்கும் ஒரு தளம் முடங்கினால் அப்படி ஒரு பக்கமாவது எழுதி வெளியிடச் சொல்வது பெரிய கோரிக்கை அன்று.

அந்த அச்சகத்துக்கு அடுத்த ஆண்டு ஆடிப்பெருக்கன்றும் போயிருந்தேன். அண்ணாச்சி என்னைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்திருந்தார். வடமாநில முகவர்களுக்குக் காலையில், தென்மாநிலத்தவர்க்குப் பிற்பகலில் என்று நேரத்தைப் பிரித்து, ஒரு வாரம் முன்பே அஞ்சலட்டை போட்டுவிட்டார். மூன்றாவது சர்வருக்கு அன்று முழுக்க வேலையே இருக்கவில்லை.