தைரொயிட் சிகிச்சை: முரண்படும் ஆலோசனைகளும் நோயாளரின் தடுமாற்றமும்

தைரொயிட் குளிசை என்பது இன்று யாழ். குடாநாட்டின் பல வீடுகளுக்குப் பழக்கப்பட்ட பெயராகிவிட்டது. எனினும், அந்நோய் பற்றிய ஆலோசனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது நோயாளரைப் பெரிதும் தடுமாற வைத்துள்ளது. குளிசையை உடனே ஆரம்பிக்குமாறு ஒரு வைத்தியர் கூற, சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். கழுத்திலுள்ள கட்டியை அகற்றவேண்டும் என்பது ஒரு கருத்து. அதனைத் தொடாமல் கண்காணித்தால் போதும் என்பது மற்றொரு கருத்து. கோவாவையும் மரவள்ளிக்கிழங்கையும் தவிர்க்குமாறு அயலவர் அறிவுறுத்துகின்றனர். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர்கள் தத்தம் வைத்தியர் சொன்னதைத் தொலைபேசியில் ஒப்புவிக்கின்றனர். ஈற்றில் யாரை நம்புவதென்று அறியாத நோயாளர், குளிசையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றார். இதுவே இப்பிரச்சினையின் மிக ஆபத்தான கட்டமாகும்.

இம்முரண்பாடுகள் யாவும் ஒரே தன்மையானவை அல்ல. அவற்றுட் சில மருத்துவ அறிவு மாறிவருவதால் எழுபவை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ரி.எஸ்.எச். அளவு 2.5 ஐத் தாண்டக்கூடாது என 2011ஆம் ஆண்டில் அமெரிக்க தைரொயிட் சங்கம் வழிகாட்டியது. அதே சங்கம் 2017ஆம் ஆண்டில், உள்ளூருக்குரிய அளவுகள் இல்லாதவிடத்து ஏறத்தாழ 4.0 ஐ மேல் எல்லையாகக் கொள்ளலாம் எனத் திருத்தியது. அதே ஆண்டில், 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று வெளியாகியது. ரி.எஸ்.எச். சிறிதளவு கூடி, தைரொக்சின் சாதாரணமாக இருக்கும் முதியோருக்குக் குளிசையால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்பது அதன் முடிவாகும். 3 என்ற ஒரே பெறுபேற்றை வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பவதிக்கு அன்று ஒருவரும் இன்று இன்னொருவரும் வெவ்வேறு முடிவு கூறியிருக்கலாம். அதனால் இருவரில் ஒருவர் தவறிழைத்தார் என்றாகிவிடாது. எழுபது வயதுத் தாயாருக்குத் தேவையற்ற அதே குளிசை, கருவுற்றிருக்கும் மகளுக்கு இன்றியமையாததாகவும் இருக்கலாம்.

கழுத்துக் கட்டிகள் தொடர்பிலும் இதுவே நிலைமை. தென்கொரியாவில் மலிவான கட்டணத்தில் கழுத்து ஸ்கான் பரவலாகச் செய்யப்பட்டதன் விளைவாக, 2011ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோயின் வீதம் 1993ஆம் ஆண்டிலிருந்ததைப்போல் 15 மடங்காக உயர்ந்தது. ஆனால் அந்நோயால் ஏற்படும் மரணங்களின் வீதம் மாறவேயில்லை. ஒருபோதும் தொல்லை தந்திராத சிறு கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் குளிசையில் தங்கியிருக்க நேர்ந்தது. அதற்காகக் கட்டிகள் அனைத்தையும் அலட்சியம் செய்யலாம் என்பதில்லை. விரைந்து வளரும் கட்டி, குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம் என்பன உடனே கவனிக்கப்பட வேண்டியவை.

உப்பு விடயம் எமக்கு இன்னும் நெருக்கமானது. இலங்கையில் கண்டக்கழலை நெடுங்காலமாகத் தென்மேற்கு ஈரவலயத்தின் நோயாகவே கருதப்பட்டது. 1995ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. போரினால் 1990இல் ஆனையிறவு உப்பளம் முடங்கியிருந்த காலம் அது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இலங்கைப் பாடசாலை மாணவிகளிடம் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அதிகமாகக் காணப்படுவதைச் சுட்டி, இதற்கு அயடீன் காரணமா என்ற வினாவை எழுப்பியது. பின்னர் உப்பில் சேர்க்கும் அயடீனின் அளவும் குறைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில் ஆனையிறவு உப்பின் பெயர் குறித்து எழுந்த சர்ச்சையை நாம் அறிவோம். அந்த உப்பிலுள்ள அயடீன் குறித்து அத்தகைய அக்கறை எழவில்லை.

அயடீன் உப்பைத் தவிர்க்குமாறு கூறப்படும் ஆலோசனை பெரும்பாலும் எங்கிருந்து பரவுகிறது? கதிரியக்க அயடீன் சிகிச்சைக்குத் தயாராகும் நோயாளருக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு மட்டும் அயடீன் குறைந்த உணவு விதிக்கப்படுவதுண்டு. அது வாய்வழியே பரவி, தைரொயிட் நோயாளர் அனைவருக்குமான நிரந்தர விதியாகிவிடுகிறது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கர்ப்பவதிக்கு 250 மைக்ரோகிராமும் அயடீன் தேவை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒருவருக்குரிய கட்டுப்பாட்டை முழுக் குடும்பத்தின் உப்புப் பாத்திரத்திலும் திணிப்பது, அவ்வீட்டில் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். போதிய அயடீன் கிடைப்பவர் நன்கு சமைத்த கோவாவையும் மரவள்ளியையும் அளவோடு உண்பதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை.

குளிசையை நிறுத்தியும் எனக்கு எதுவும் ஆகவில்லை எனச் சிலர் கூறுவதற்கும் விளக்கம் உண்டு. தைரொக்சின் குருதியில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். நிறுத்தியதன் விளைவு வாரங்கள் கடந்தே தெரியவரும். குளிசையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களின் பின்னர் குருதியைச் சோதிப்பதும் இதனாலேயே. கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தை தாயின் தைரொக்சினையே நம்பியிருப்பதால், அக்காலத்தில் குளிசையின் அளவு பெரும்பாலும் கூட்டப்படவேண்டுமேயன்றி, நிறுத்தப்படலாகாது. மாறாக, தைரொயிட் மிகைச் சுரப்புக்குக் கார்பிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால், அதை நிறுத்திவிட்டு அன்றே குருதிப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். இரண்டுமே தைரொயிட் குளிசை என்று அழைக்கப்படுவதால், ஒருவருக்குக் கூறியதை மற்றவர் பின்பற்றுவது உயிராபத்தில் முடியலாம்.

தைரொக்சினை வெறும் வயிற்றில் நீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணிநேரம் கழித்தே தேநீரோ உணவோ கொள்ளவேண்டும். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரர்கள் இதனை விட்டுவிடவேண்டிய அவசியமில்லை. இறுதி உணவுக்கு மூன்று மணிநேரத்தின் பின்னர் உறங்கும்போதோ, ஸஹர் உணவுக்கு அரை மணிநேரம் முன்னரோ எடுக்கலாம். கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிப்போரும் நேரத்தை வைத்தியருடன் பேசி ஒழுங்குசெய்யலாம்.

எனினும், பொறுப்பு நோயாளருடையது மட்டுமன்று. போதனா வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி ஓரிடத்திலும், தனியார் ஆய்வுகூடப் பெறுபேறு இன்னோரிடத்திலும் கிடக்க, சில நிமிடச் சந்திப்பில் வைத்தியர் ஒருவர் முடிவெடுக்கவேண்டியுள்ளது. 1990இல் வெளியேற்றப்பட்டு, இன்று புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வாழ்வைப் பகிர்ந்துகொண்டுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பெறுபேறுகள் அனைத்தையும் திகதி வாரியாக ஒரே கோவையில் வைத்து ஒவ்வொரு வைத்தியரிடமும் காட்டுவது முதற்படியாகும். முன்னைய வைத்தியர் வேறுவிதமாகக் கூறியதை மறைக்காது சொல்லி, இந்த மாற்றம் ஏன் என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

அவ்வாறு கேட்பவருக்கு அவரது மொழியில் விடையளிக்கவேண்டியது வைத்தியர்களின் கடமை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அத்தகைய மண்ணில், குளிசையை எப்போது எடுப்பது, எதற்காக எடுப்பது, எப்போது மீளச் சோதிப்பது என்ற மூன்று வரிகளைத் தமிழில் எழுதிக்கொடுக்க முடியாதா? வடமாகாண சுகாதாரத் துறையினரும் வைத்திய நிபுணர்களும் ஒருமித்து, தைரொயிட் நோயாளருக்கான எளிய தமிழ்க் கையேடு ஒன்றை ஒவ்வொரு கிளினிக்கிலும் கிடைக்கச் செய்யவேண்டும். ஆலோசனைகள் வேறுபடுவதை முற்றாகத் தவிர்க்க இயலாது. ஆனால் அவை ஏன் வேறுபடுகின்றன என்பதை அறியும் உரிமை நோயாளருக்கு உண்டு.