விரிசலை மறைக்கலாமா?

மேனாட்டு வாத்தியக் குழுவில் நிகழ்ச்சி தொடங்குமுன் அனைவரும் சுருதி சேர்ப்பது ஓபோ என்னும் குழலின் ஒலியைக் கேட்டுத்தான். நம் நாகஸ்வரத்திற்குச் சீவாளி இருப்பதுபோல் அதற்கும் இரட்டை நாணல் உண்டு. ஒலி மென்மையானது, விலை மட்டும் மென்மையானதன்று! தொழிற்கலைஞர்கள் வாசிக்கும் தரத்தில் புதிதாக வாங்கினால், பல கருவிகளின் விலை 10,000 டாலரைத் தாண்டிவிடும். ஆகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பலர், ஒருவர் வாசித்த பழைய குழலையே தேடுகின்றனர்.

விற்பவர் அதன் குறைகளைத் தாமாகவே சொல்ல வேண்டுமா? "வாங்குகிறவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று வாய்மூடி இருக்கலாமா? சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

ஓபோ பெரும்பாலும் தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் வளரும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனது. நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். அத்தனை உறுதி இருந்தும், உள்ளே சூடான ஈர மூச்சும் வெளியே குளிர்ந்த காற்றும் படும்போது வெடித்துவிடுகிறது. பெரும்பாலும் மேல்துண்டில்தான் இது நேரும். பழுதுபார்ப்பவர் குறுக்கே சிறு ஊசிகளைச் செலுத்தி, பசையிட்டு அடைத்து, மெருகேற்றிவிடுவார். பிறகு விரிசல் இருந்த இடமே கண்ணுக்குத் தெரியாது. செம்மையாகச் சரிசெய்த குழலைப் பல்லாண்டுகள் வாசிக்கலாம்.

அப்படியானால் ஏன் மறைக்கிறார்கள்? விரிசல் என்ற சொல்லைக் கேட்டவுடனே வாங்குபவர் விலையைப் பாதியாக்கப் பார்க்கிறார், அதனால்தான். இதில் வாங்குபவர்மீதும் குற்றம் உண்டன்றோ? உண்மை சொன்னவருக்கு நட்டம், சொல்லாதவருக்கு இலாபம் என்றால் யார்தான் சொல்வார்?

2017 தொடக்கத்தில் இம்மரத்தைக் காக்க உலக நாடுகள் விதி வகுத்தன. அதனால் குழலை வேறு நாட்டுக்கு விற்கவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தனர். மரத்திற்குச் சீட்டு கேட்க முடிந்ததென்றால், பழுதுபார்த்த இரசீதுகளைக் குழலின் பெட்டியிலேயே வைத்துக் கொடுப்பதா கடினம்?

விற்பவர் நல்லவரே ஆனாலும், அவருக்கே தெரியாத குறைகள் இருக்கலாம். மேல்துண்டின் துளைகளை எல்லாம் மூடி, அடிப்பக்கத்தை விரலால் அடைத்து, காற்றை உறிஞ்சிப் பார்ப்பார்கள். உறிஞ்சிய பிடிப்பு உடனே விட்டுப்போனால் எங்கோ கசிவு இருக்கிறது. மாம்பழத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்! ஒரு வாரமாவது குழலை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தம் சொந்த நாணலை வைத்து வாசித்து, பழுதுபார்ப்பவரிடமும் காட்டிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தை மறுப்பவரிடம், குழல் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், நான் வாங்கமாட்டேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி