அக்கா, உங்கள் ஓட்டு உங்களுடையது



"வீட்டுக்காரர் சொன்ன ஆளுக்கே ஓட்டுப் போட்டேன்" என்று தேக்காவில் சில அக்காமார் இன்றும் சொல்லக் கேட்கிறேன். அந்த ஓட்டின் கதையை அவர்கள் அறிய வேண்டும்.

1948-இல் சிங்கப்பூரில் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தபோதே பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே. அவர்களும் தாமே முன்வந்து பெயர் பதிய வேண்டும். 1951-இல் சிலேத்தாரில் வென்ற விலாசினி மேனன், சட்டசபைக்குத் தேர்வான முதல் பெண்மணி.

1952 முதல் ஷிரின் போஸ்தாரும் சிங்கப்பூர் மாதர் மன்றமும் பலதார மணத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமானது. பெண்களின் ஓட்டுகளைக் கட்சிகள் இனி ஒதுக்க முடியவில்லை. மக்கள் செயல் கட்சி 'ஒருவனுக்கு ஒருத்தி' என வாக்குறுதி தந்து வென்றது. 1961-இல் மாதர் சாசனம் பிறந்தது. முஸ்லிம் அல்லாதோரிடையே பலதார மணம் ஒழிந்தது.

ஆனால் 1970 முதல் 1984 வரை நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை! உரிமை கிடைத்தால் போதாது, விழித்திருக்கவும் வேண்டும்.

ஓட்டு ரகசியமானது. யாருக்குப் போட்டீர்கள் என்று கணவரிடமும் முதலாளியிடமும் சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஓட்டுப் போடத் தவறியதால் பட்டியலில் பெயர் நீங்கியிருந்தால், மீண்டும் சேர்க்க இன்றே விண்ணப்பியுங்கள்.