வானத்தை ஏலம் விட முடியாது

போடிநாயக்கனூரில் ஏலத்தின் நியாயத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் ஏலக்காய்க்கு என்ன விலை விழுந்தது என்பதை வைத்தே தோட்டக்காரரும் வியாபாரியும் கணக்குப் போடுகிறார்கள். பலர் கூடியிருக்க வெளிப்படையாகக் கேட்கப்படும் விலையில் மோசடிக்கு இடம் குறைவு. இதே நியாயத்தை நாடு அலைக்கற்றைக்கும் பொருத்திப் பார்க்கிறது. 2ஜி விவகாரத்துக்குப் பிறகு, ஏலம் விடாமல் அலைக்கற்றை கொடுத்தால் அது ஊழல்தான் என்ற நம்பிக்கை கட்சி வேறுபாடின்றி வேரூன்றிவிட்டது. தரையில் இயங்கும் செல்பேசிச் சேவைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். செயற்கைக்கோளுக்கு அது அடிப்படையிலேயே தவறு. அந்தத் தவறுக்கு அதிக விலை கொடுக்கப்போவது பெருநகரங்கள் அல்ல. போடிமெட்டுச் சரிவுகளைப் போல, மலைமுகடு மறைப்பதால் டவர் அலை எட்டாத இடங்கள்தான்.

ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு இல்லாமல் போகும் பொருளைத்தான் ஏலம் விட முடியும். ஏலக்காய் மூட்டை அப்படிப்பட்டது. செல்பேசி அலைக்கற்றையும் அப்படித்தான்: டவர் நாலாபுறமும் அலை பரப்புவதால், ஒரே ஊரில் ஒரே அலைவரிசையில் இரண்டு நிறுவனங்கள் பேசினால் இரண்டுமே கெடும். செயற்கைக்கோளின் கதை வேறு. போடியில் ஒரு மொட்டைமாடியில் சன் டைரக்ட் டிஷ், பக்கத்து மாடியில் டாடா பிளே டிஷ். இரண்டும் ஏறத்தாழ ஒரே கேயு அலைவரிசையில் படம் வாங்குகின்றன. ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை. ஒவ்வொரு டிஷ்ஷும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் தனக்குரிய புள்ளியை மட்டும் கூர்ந்து பார்ப்பதே காரணம். திசை வேறானால் அலைவரிசை ஒன்றாக இருக்கலாம். பலர் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய இந்த வளத்தை ஏலம் விட்டு ஒருவரிடம் கொடுத்தால், இல்லாத பற்றாக்குறையை அரசே உண்டாக்குகிறது என்று பொருள். அமெரிக்கா 2000-லேயே பன்னாட்டுச் செயற்கைக்கோள் சேவைக்கான ஏலத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஏலம் விட்டுப் பார்த்த பிரேசில் 2019-இல் சட்டத்தைத் திருத்தி அந்த முறையைக் கைவிட்டது. இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் செயற்கைக்கோள் சேவைகளை ஏலமில்லாத நிர்வாக ஒதுக்கீட்டுப் பட்டியலில் வைத்தது. சரியான முடிவு.

‘2ஜி பாடத்தை மறந்துவிட்டோமா?’ என்று கேட்கிறார்கள். அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக, இயற்கை வளங்களைப் பகிர ஏலம் ஒன்றே வழி என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை எனத் தெளிவுபடுத்தியது. முதல் தீர்ப்பு ஊர் முழுக்கத் தெரியும். இரண்டாவது யார் காதிலும் விழவில்லை. 2001-இன் விலையை 2008-இல் வாங்கியதும், விண்ணப்பக் கடைசித் தேதியை நகர்த்தியதும்தான் அன்று எழுந்த குற்றச்சாட்டின் உயிர்நாடி. விலையும் விதியும் முன்கூட்டியே எல்லோருக்கும் ஒன்றாக அறிவிக்கப்பட்டால் அந்த வழி அடைபடும். 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) பரிந்துரைத்ததும் இலவசம் அல்ல: சரிக்கட்டிய மொத்த வருவாயில் 4 சதவீதம், பூமிக்கு அருகே சுற்றும் தாழ்பாதைச் செயற்கைக்கோள் சேவைகளுக்கு அதற்குமேல் நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய், ஒதுக்கீடும் ஐந்தாண்டுக்குத்தான்.

செல்பேசி நிறுவனங்களின் குறையை அப்படித் தள்ளிவிட முடியாது. 2022 5ஜி ஏலத்தில் மட்டும் அவை சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தன. அதே நகர வாடிக்கையாளரைச் செயற்கைக்கோள் நிறுவனம் மலிவாகக் கவர்ந்தால் நியாயமா என்பது பொருளுள்ள கேள்வி. அதற்குப் பதில் நகரக் கட்டணத்தைக் கூட்டுவது, ஏலம் அல்ல. ஸ்டார்லிங்க் போன்ற வெளிநாட்டு நிறுவனம் வானத்தைப் பிடித்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஏலம் மருந்தாகாது. பணப்பை பெரியவரே ஏலத்தில் வெல்வார்; வென்றபின் மற்றவர் நுழையவும் முடியாது. பாதுகாப்பை உரிம நிபந்தனைகளால்தான் காக்க முடியும்.

ஏலச் சண்டையில் நேரம் போக, உண்மையில் திருத்த வேண்டிய விதிகள் பேசப்படாமலே கிடக்கின்றன. மாடி டிஷ்கள் பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு இடைஞ்சல் வராமலிருக்க, தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் எவ்வளவு சக்தியில் அலை பரப்பலாம் என்ற வரம்பை 2000-இல் இஸ்தான்புல்லில் கூடிய உலக வானொலி மாநாடு உறுதி செய்தது. அக்காலத் தொழில்நுட்பத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2025 ஏப்ரலில் அதை மறுபரிசீலிக்கத் தொடங்கியது. இது நமக்கே அதிகம் உறைக்க வேண்டிய விஷயம். போடி நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கே இருக்கிறது; புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வளையம் இங்கே ஏறத்தாழ உச்சிவானிலேயே, சற்றுத் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. அந்த வளையத்தை ஒட்டி வரும் தாழ்பாதைச் செயற்கைக்கோள் விலகிப் பேச வேண்டியிருப்பதால், வானத்தின் மிகத் தெளிவான பகுதியே கழிந்துபோகிறது. ஏலச்செடி நிழல் மரங்களுக்கடியில் வளரும் பயிர். பக்கவாட்டு வானத்தை மரங்களும் மலையும் ஏற்கெனவே மறைத்திருக்கின்றன. அதற்காக வரம்பையே தூக்கி எறியச் சொல்லவில்லை. டி.டி.எச்.சும் இஸ்ரோவின் ஜிசாட் சேவைகளும் கெடாமல், இன்றைய கருவிகளின் திறனுக்கேற்ப அளந்து திருத்தச் சொல்கிறேன். 2027 உலக வானொலி மாநாடு நெருங்கும் நேரத்தில் இந்தியா தன் நிலநடுக்கோட்டு அளவீடுகளோடு பேச வேண்டிய பொருள் இது.

செயற்கைக்கோள் இணையத்தின் விலையும் ஒரு தடைதான். விடியுமுன் ஜீப்பேறி மலைத்தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளி இந்தச் சேவையைத் தனியாக வாங்க முடியாது. பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கும் பொது இணைப்பாகக் கொடுக்க டிஜிட்டல் பாரத் நிதி இருக்கிறது. தேனி மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியது, ஏன் ஏலம் விடவில்லை என்பதல்ல. கொட்டகுடி, குரங்கணி மலைக் குடியிருப்புகளுக்கு அந்த நிதியிலிருந்து எப்போது இணைப்பு வரும் என்பதே.